அழுங்கும் சோலைபாடியும்

எனக்கு ஏழெட்டு வயது ஆகும்வரை அரைஞாண் கயிற்றில் ஒரு செதில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, பழுப்பு நிறம், ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். நடுவில் ஓட்டை போட்டுக் கோத்திருந்தார்கள். ஆச்சி கட்டிவிட்டது. ராத்திரியில் பயந்து அலறக் கூடாது, காத்து கருப்பு அண்டக் கூடாது, அதற்காக. இது எதோட செதில் ஆச்சி என்று கேட்டதற்கு "அழுங்கு ஓடுய்யா" என்று மட்டும் சொன்னாள். செதில் என்றதால் அழுங்கு ஏதோ ஒரு மீன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் வாய்க்காலில் குளிக்கும்போது கயிறு அறுந்து போயிற்று. தேடியும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில், கடனாநதி மலையைவிட்டு இறங்கி வயல்களுக்குள் நுழைகிற பக்கம். வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலைதான் தெரியும். ஊருக்கும் மலைக்கும் நடுவில் செம்மண் தரை, உடைமரம், பனை, அங்கங்கே ஆள் உயரத்துக்குப் புற்று. அதைத் தாண்டினால் காடு, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லை. 1988-ல் வந்த காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நான் சொல்லப்போகிற இரண்டு உயிர்களில் ஒன்றான அழுங்கு, பாங்கோலின் என்கிற செதில் போர்த்த எறும்புத்தின்னி, அந்தப் புற்றுக் காட்டிலும், இன்னொன்றான சோலைபாடி என்கிற பறவை காட்டுக்குள்ளே ஆற்றோர மூங்கில் புதர்களிலும் இருக்கிறது.

அழுங்கை நான் நேரில் பார்த்தது பதினொரு வயதில். பெரியப்பா தோட்டத்தில் கடலை போட்டிருந்த சமயம், விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் வரப்போரம் ஒரு உருண்டை கிடக்கிறது என்று ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் கால்பந்தைவிடப் பெரிய உருண்டை, நாட்டோடு வேய்ந்த கூரை ஒன்றைச் சுருட்டி வைத்தது மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில். தலை எங்கே, கால் எங்கே, எதுவும் தெரியவில்லை. ஒருவர் கம்பால் புரட்டினார். உள்ளேயிருந்து புஸ்ஸென்று மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். இத்தனை பேர் சுற்றி நின்று புரட்டியும் உருட்டியும் அதனிடமிருந்து வந்த ஒரே சத்தம் அது. அப்புறம் ஒரு உரச்சாக்கைக் கொண்டுவந்து உருட்டிப் போட்டுக் கட்டிக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் கறியைப் பற்றிப் பேச்சு நடந்தது. அங்கிருந்த யாருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அந்தப் புஸ் சத்தம் நினைவுக்கு வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

சோலைபாடியைக் கேட்டதோ முப்பது வயதைத் தொட்ட பிறகு. ஊரில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் காட்டுக்குள் சும்மா போக முடியாது, போக வேண்டும் என்றும் அப்போது தோன்றியதில்லை. வேலைக்காக வெளியூர் போய், பறவை பார்க்கிற நண்பர்கள் கிடைத்து, வனத்துறை அனுமதியோடு நடந்த ஒரு கணக்கெடுப்புக்காகச் சொந்த ஊர் மலைக்கே விருந்தாளி மாதிரி வந்தேன். மாலை மங்கிவிட்டது, குறிப்பேட்டில் எழுதுவது கண்ணுக்குத் தெரியவில்லை, கிளம்பலாம் என்று எல்லோரும் எழுந்தபோது மூங்கில் புதரின் அடியிலிருந்து ஒரு குரல். குயில் மாதிரி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது இல்லை. ஒரு சீழ்க்கை, அது உருண்டு இறங்கி, நின்று, வேறொரு பறவையின் குரலைக் கடன் வாங்கி, அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போய், இப்படியே இருட்டு விழும்வரை. எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பி ஒருவர் "சோலைபாடி அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னார். பெயர் வைத்தவர்களைக் கும்பிடலாம் போலிருந்தது.

நம் வீட்டுப் பக்கம் வருகிற குண்டுகரிச்சானைப் பலரும் பார்த்திருப்பீர்கள், கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு மின்கம்பியில் உட்கார்ந்து காலையில் பாடுமே, அதன் காட்டுச் சொந்தம்தான் சோலைபாடி. ஆணுக்குத் தலையும் முதுகும் பளபளக்கும் கறுப்பு, வயிறு செங்கல் நிறம், வாலடியில் ஒரு வெள்ளைத் திட்டு, உடம்பை மிஞ்சுகிற நீள வால். பெட்டை கொஞ்சம் சாம்பல் பூசியது போலிருக்கும், வாலும் சின்னது. எடை எல்லாம் சேர்த்து 30 கிராம் சுமார். அழுங்கோ 10 முதல் 16 கிலோ வரை வரும். எடையில் முந்நூறு முதல் ஐந்நூறு மடங்கு வித்தியாசம், ஒன்று பாலூட்டி, ஒன்று பறவை, இரண்டையும் ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம்.

எனக்கு இது ஒப்பீடாகத் தோன்றியதே ஒரு மழைக்கால மாலையில்தான். புரட்டாசி கடைசியோ ஐப்பசி தொடக்கமோ, முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த அந்தி. புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பியது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, பூமி புகை விடுகிற மாதிரி இருக்கும். காட்டோரத்தில் அத்தனை பறவைகளும் வந்துவிட்டன. புதரைவிட்டு அதிகம் வெளியே வராத சோலைபாடி ஒன்று தாழ்ந்த கிளையிலிருந்து இறங்குவதும் ஈசலைக் கவ்வுவதும் திரும்பப் புதருக்குள் போவதுமாக இருந்தது. ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தானே. அதே கரையானை அதே புற்றின் அடியில் தோண்டித் தின்கிற ஆள் அழுங்கு. ஒரு புற்று, இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் மேல்வாசலில் நிற்கிறார், இன்னொருவர் அடித்தளத்தைப் பெயர்க்கிறார். பொழுதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சோலைபாடி பகல் முடிந்தும் கொஞ்ச நேரம் பாடுகிற பறவை, அழுங்கு இருட்டத் தொடங்கியதும் வளையைவிட்டுக் கிளம்புகிற விலங்கு. அந்த மாலை ஒன்று முடிக்கிற நேரத்தில் இன்னொன்று எங்கோ கண் விழித்திருக்கும். அதற்கப்புறம் இந்த இரண்டையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடியவில்லை.

அழுங்கின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலேயே இருந்தும் அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. பல் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. நாக்குதான் எல்லாம். அந்த நாக்கு வாயில் தொடங்கவில்லை, நெஞ்செலும்பின் கடைசி முனைக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வருகிறது, பசை மாதிரி எச்சில் பூசிக்கொண்டு புற்றின் சந்துகளுக்குள் போய் வருகிறது. மெல்ல முடியாததால், தின்னும்போது உள்ளே போகிற பொடிக்கற்களும் மண்ணும் இரைப்பையில் இருந்து அரைத்துக் கொடுக்கின்றன, கோழிக்கு அரைவைப்பை செய்கிற வேலை. எறும்பு கடிக்காமல் இருக்க மூக்கையும் காதையும் மூடிக்கொள்ளத் தெரியும். கண் சுமார்தான், மோப்பம்தான் வழிகாட்டி. முன்காலில் நீண்டு வளைந்த நகங்கள், புற்றின் சுவர் வெயிலில் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், அதைக் கடப்பாறை போட்டு உடைக்கிற நாமே மூச்சு வாங்குவோம், அது கிழித்துவிடும். அந்த நகம் மழுங்கிவிடாமல் இருக்க நடக்கும்போது முன்பாதத்தை உள்பக்கமாக மடித்துக்கொண்டு நடக்கும். தென் அமெரிக்காவில் இருக்கும் எறும்புத்தின்னிகளுக்கு இது சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் நாய், பூனை, புலி வகையறாவுக்குத்தான் நெருங்கிய உறவு.

வளை இரண்டு மாதிரி. சாப்பிடத் தோண்டுவது ஒன்று, அது ஆழம் குறைவு, தின்று முடித்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். தங்குவதற்குத் தோண்டுவது இன்னொன்று, இளகிய மண்ணாக இருந்தால் 6 மீட்டர் வரைகூடப் போகும், பாறை கலந்த தரையில் அவ்வளவு போகாது. தங்குவளைக்குள் போனதும் வாசலை உள்ளேயிருந்து மண் தள்ளி மூடிக்கொள்ளும். கைவிட்ட வளைகளில் அப்புறம் வேறு உயிர்கள் குடியேறும். மண்ணைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து போடுவதால் காற்றும் மழைநீரும் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. கரையான் பெருகாமல் பார்த்துக்கொள்கிற விலங்கு உழவும் செய்கிறது என்றால் விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் பக்கத்தில் அந்த வளையைப் பார்த்தால் பாம்புப் புற்று என்பார்கள், இல்லாவிட்டால் முள்ளம்பன்றிப் பொந்து என்பார்கள். உண்மையான ஆளின் பெயர் கடைசியில்தான் வரும்.

மொழியில் மட்டும் அதற்கு ஒரு பழைய இடம் இருக்கிறது. உடும்புப்பிடி என்று சொல்கிற மாதிரி அழுங்குப்பிடி என்றும் ஒரு சொல் உண்டு, விடாப்பிடி என்று பொருள். அந்த உருண்டையைப் பிரிக்க முயன்று பார்த்தவர் யாரோதான் அந்தச் சொல்லைக் கொடுத்திருக்க வேண்டும். அழுங்குதல் என்றால் வருந்துதல், அழுங்கல் என்றால் ஆரவாரம் என்றும் அகராதியில் இருக்கிறது. அந்தச் சொற்களுக்கும் விலங்கின் பெயருக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாயே திறக்காத ஒரு பிராணியின் பெயருக்குப் பக்கத்தில் ஆரவாரம் என்ற பொருள் நிற்பதைப் பார்த்து அகராதியை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சோலைபாடிக்கு எல்லாமே குரல். பாடும் பறவைகளுக்கு நம்மைப் போலத் தொண்டையில் குரல்வளை வேலை செய்வதில்லை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகிற கவட்டில் ஒரு உறுப்பு இருக்கிறது. இரண்டு கிளையையும் தனித்தனியே இயக்க முடியும் என்பதால் ஒரே பறவை ஒரே நேரத்தில் இரண்டு சுருதியில் ஒலி எழுப்பலாம். பாட்டைப் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை, குஞ்சாக இருக்கும்போது கேட்டுக் கற்றுக்கொள்கிறது, மற்றப் பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்கிறது. மரப்பொந்தில் நாலைந்து முட்டை, கூடு கட்டுவது பெட்டையின் வேலை. ஆண் அந்தப் பொந்தைச் சுற்றி ஒரு எல்லையைப் பாட்டாலேயே வேலி போட்டு வைக்கிறது. நமக்கு இனிமையாகக் கேட்பது இன்னொரு ஆணுக்கு "உள்ளே வராதே" என்று கேட்கும். ஆபத்து என்றால் பாட்டு கிடையாது, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது மாதிரி டக் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் புதருக்குள் அமைதி.

இந்தப் பறவைக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1889-ல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன், அப்பா வாங்கிக்கொடுத்த எடிசன் கருவியில், வீட்டில் வளர்த்த ஒரு சோலைபாடியின் குரலை மெழுகு உருளையில் பதிவு செய்தான். உலகத்தில் முதன்முதலாகப் பதிவான பறவைப் பாட்டு அதுதான் என்று சொல்கிறார்கள். அவன் பின்னாளில் இங்கிலாந்துக்குப் போய், பிபிசி வானொலி வழியாகப் பறவைக் குரல்களால் பெயர் பெற்றவன். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, நான் கேட்டேன். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே, தூரத்தில், அதே உருண்டு இறங்குகிற சீழ்க்கை. கடனாநதிக் கரையில் கேட்டதன் உறவு. ஆனால் அது கூண்டுக்குள் இருந்து பாடியது. மனிதன் பறவைப் பாட்டைச் சேமிக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே அந்தப் பறவை கம்பிக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இந்த இரண்டும் அழிவது, எது அவற்றை இத்தனை காலம் காப்பாற்றியதோ அதனாலேயே.

அழுங்கு சுருண்டுகொள்வது புலிக்காகவும் சிறுத்தைக்காகவும். புலி அந்த உருண்டையைப் பாதத்தால் உருட்டும், நக்கும், பல் வைத்துப் பார்க்கும், கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போகும். ஓடத் தேவையில்லை, கத்தத் தேவையில்லை, சண்டை போடத் தேவையில்லை, தாயாக இருந்தால் குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு அதன்மேல் சுருண்டுகொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இது போதுமானதாக இருந்தது. இரண்டு கையும் ஒரு சாக்கும் வைத்திருக்கிற ஒரு உயிர் வந்ததும் அதே உருண்டை தூக்கிக்கொண்டு போகத் தோதாக ஆகிவிட்டது. நான் பதினொரு வயதில் பார்த்தது அதைத்தான். நாய்க்குட்டியைப் பிடிப்பதற்குக்கூட அன்றைக்கு நாங்கள் அதிகம் ஓடியிருப்போம். சாலையில் லாரி வெளிச்சத்தைப் பார்த்தாலும் சுருண்டுதான் கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் அழுங்குகள் மின்வேலியில் பட்டதும் பயந்து கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்ள, விலக முடியாமல் திரும்பத் திரும்ப மின்சாரம் பாய்ந்து செத்துப்போகின்றன.

செதிலில் என்ன இருக்கிறது? நம் நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே கெரட்டின். ஆச்சி என் இடுப்பில் கட்டியதற்கும் நான் வெட்டி எறிந்த நகத்துக்கும் பொருளில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆச்சியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன், 1820-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு அழுங்குச் செதிலுக்குப் பொன் பூசிச் செய்த கவசத்தையும் தலைக்கவசத்தையும் இங்கிலாந்து மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அப்புறம் சீன மருந்து, வியட்நாம் விருந்து. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் துறைமுகத்தில் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போன சரக்குப் பெட்டிகளில் ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை செதில்களைப் பிடித்தார்கள், முதலில் 12.9 டன், அப்புறம் 12.7 டன். இரண்டும் சேர்ந்தால் சுமார் 38,000 விலங்குகள் என்று கணக்கிட்டார்கள். ஒரு அழுங்கு ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும், அந்தக் குட்டி தாயின் வால்மேல் ஏறிச் சவாரி செய்துகொண்டே வளரும். 38,000-ஐ இந்தக் கணக்கில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் ஆசிய அழுங்குகளுக்கு 2000-லேயே ஏற்றுமதி அளவு பூஜ்ஜியம் என்று வைத்தார்கள், 2016-ல் அதன் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் எல்லா வகை அழுங்குகளின் வணிகத்துக்கும் தடை வந்தது. 2020-ல் சீனா தன் அதிகாரப்பூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து செதிலை எடுத்தது. நல்ல செய்திதான். ஆனாலும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் "ஒரு அழுங்கு கிடைத்தால் லட்சம்" என்று ஒரு வதந்தி திரிகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உரச்சாக்குதான் ஞாபகம் வரும். அப்படிப் பேசுகிறவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது, சிறையைச் சொல்லி மிரட்டுவதைவிட அந்தப் பிராணி கடலைக் காட்டில் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால் நின்று கேட்கிறார்கள்.

சோலைபாடிக்கு வலை அதன் பாட்டேதான். எல்லைக்குள் இன்னொரு ஆண் பாடினால் சும்மா இருக்க அதனால் முடியாது, வந்தே தீரும். பிடிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஒரு ஒலிபெருக்கியில் சோலைபாடிப் பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வலை கட்டினால், அல்லது கிளையில் பசை தடவினால் போதும், வீட்டைக் காக்க வருகிற ஆண் தானாக வந்து விழும். எந்த ஆண் எல்லையைத் தீவிரமாகக் காக்கிறதோ அதுதான் முதலில் சிக்கும், காட்டில் நன்றாகப் பாடுகிறவைதான் முதலில் காலியாகும்.

நம் பக்கத்தைவிட இது மோசமாக நடப்பது இந்தோனேசியாவில். அங்கே இதற்கு முராய் பத்து என்று பெயர். ஜாவாவில் ஒரு ஆணுக்கு வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை இந்த ஐந்தும் இருந்தால்தான் நிறைவு என்று ஒரு பழைய வழக்கு உண்டு. பறவை வளர்ப்பது அங்கே பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, மரபு. பாட்டுப் போட்டிகள் நடக்கும், வரிசையாகக் கூண்டுகளைத் தொங்கவிட்டு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், பரிசாக மோட்டார் சைக்கிள், கார்கூடக் கிடைக்கும். ஜாவாவில் மட்டும் வீடுகளில் 6.6 கோடி முதல் 8.4 கோடி வரை பறவைகள் கூண்டில் இருக்கும் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. நாட்டின் சந்தைக்குள் சோலைபாடிக்கு இருக்கும் மவுசு சொல்லி மாளாது, வால் நீளமாக இருந்தால் விலையும் நீளம். 2018-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பறவைகள் பட்டியலில் சேர்த்தது. வளர்ப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், சில மாதங்களிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில்தான் இடம் கிடைத்தது. உலகக் கணக்கில் இன்னும் இது அழிவின் விளிம்பில் இருக்கிற பறவை இல்லை, இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்து கிடக்கிறது. ஆனால் சுமத்ராவைச் சுற்றியுள்ள சில தீவுகளில் அந்தப் பாட்டு நின்றுபோய்விட்டது.

இங்கே ஒரு விஷயம் என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறது. சோலைபாடி கூண்டில் பிழைக்கும். புழு பூச்சி கொடுத்தால் தின்னும், வருஷக்கணக்கில் பாடும், குஞ்சும் பொரிக்கும். பிழைப்பதால்தான் பிடிக்கிறார்கள். அழுங்கு கூண்டில் பிழைக்காது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, மிரட்சியிலேயே நோய் வரும், சீக்கிரம் செத்துப்போகும். ஒடிசாவில் நந்தன்கானன் பூங்காவில் அழுங்குக்கென்று தனியாக ஒரு இனப்பெருக்க மையம் வைத்துப் பாடுபட்டுத்தான் வளர்க்கிறார்கள். கூண்டில் பிழைக்காது என்பதால் அதை விட்டுவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை, செத்தாலும் செதில் செதில்தானே. பிழைக்கத் தெரிந்ததும் தப்பவில்லை, தெரியாததும் தப்பவில்லை.

பறவை பார்க்கிறவர்களான நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பதற்காகக் கைப்பேசியில் பாட்டைப் போட்டுச் சோலைபாடியை வெளியே வரவழைக்கிறோம். வலை இல்லையே, பசை இல்லையே, என்ன கெட்டுப்போகும் என்று நானும் சில முறை செய்திருக்கிறேன். இல்லாத எதிரியைத் தேடி அது பத்து நிமிஷம் கிளைக்குக் கிளை பறந்து, தொண்டை கிழியப் பாடி, பொந்தில் இருக்கும் குஞ்சுகளை மறந்து அலைந்ததைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். பிடிக்கிறவன் போடுகிற அதே பாட்டைத்தான் நாமும் போடுகிறோம். கூடு கட்டுகிற மாதங்களிலாவது, கோடையிலிருந்து மழை தொடங்கும்வரையாவது, தயவுசெய்து போடாதீர்கள்.

இனி கணக்கு. சோலைபாடியைக் கணக்கெடுப்பது ஓரளவு எளிது, விடியலில் ஒரு இடத்தில் சில நிமிஷம் நின்று காதால் எண்ணலாம். கண்ணால் பார்த்து எழுதியதைவிடக் காதால் கேட்டு எழுதியதுதான் என் குறிப்பேட்டில் அதிகம். ஒரு ஆற்றோரத்தில் போன வருஷம் நான்கு ஆண் பாடியது, இந்த வருஷம் இரண்டு என்றால் காட்டுக்குப் போகிற யாருக்கும் அது உறைக்கும். அழுங்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது. புலிக்காக வைத்த கேமராவில் எப்போதாவது ஒரு வால் தெரியும். வளையை எண்ணலாம், ஆனால் ஒரே விலங்கு பல வளை தோண்டும், பழைய வளை எது புதியது எது என்று பார்க்க அனுபவம் வேண்டும். இந்திய அழுங்கு அழியும் நிலையில் இருக்கிறது என்று உலகப் பட்டியல் சொல்கிறது, ஆனால் நாட்டில் எத்தனை மிச்சம் என்று நம்பி எடுத்துச் சொல்ல ஒரு எண் கிடையாது. பிடிபட்ட செதில்களின் எடைதான் எண்ணிக்கையாக நம்மிடம் வருகிறது. இருப்பதை எண்ண வழியில்லாமல் செத்ததை எடைபோட்டுத் தெரிந்துகொள்கிறோம், இதைவிட வருத்தமான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது காதை மட்டும் நம்பாமல் தரையைப் பார்த்து நடக்கப் பழகலாம் என்று முடிவு செய்தேன். அந்தக் காவலர் தம்பிதான் சொல்லிக்கொடுத்தார். புற்றின் அடிப்பக்கத்தில் கீறல் இருந்தால், கீறல் குறுகலாக ஆழமாக ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் அழுங்கு. கரடி என்றால் புற்றையே அகலமாகப் பெயர்த்திருக்கும், உறிஞ்சிய இடம் தெரியும். மணல் தரையில் இரண்டு பக்கமும் காலடி, நடுவில் வால் இழுத்த கோடு. எச்சத்தை உடைத்துப் பார்த்தால் எறும்பின் தலைகள், மண். மூன்று நாள் அலைந்ததில் பழைய கீறல்கள்தான் கிடைத்தன. புற்று ஆறியிருந்தது, கரையான் அந்த இடத்தை ஈரமண்ணால் பூசி மூடி, அந்தப் பூச்சும் காய்ந்திருந்தது.

நாலாம் நாள் மழை பெய்து விட்ட காலை. மூங்கில் பக்கம் சோலைபாடி பாடிக்கொண்டிருந்தது, நான் பழக்கத்தில் நின்று குறிப்பேட்டை எடுத்தேன். தம்பி என் தோளைத் தொட்டு வேறு பக்கம் கை காட்டினார். உடைமரத்து வேருக்குக் கீழே, பாறையோரம், ஒரு தலை நுழையும் அளவுக்கு மேல் விளிம்பு மட்டும் தெரிகிற ஒரு வாய். சுற்றிலும் மழையில் இறுகிப்போன தரை, அந்த வாயில் மட்டும் புது மண், பொலபொலவென்று, இன்னும் ஈரம் காயாமல், உள்ளேயிருந்து தள்ளி அடைத்தது. கிட்டே போகக் காலெடுத்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றார் கிசுகிசுப்பாக. "உள்ள ஆள் இருக்கு."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினோம்.